பேய்ப்படத் திரைக்கதை எழுதுவது எப்படி?

பேய்ப்படம் எழுத உட்காரும் பலரும் முதலில் பேயைத்தான் தயார் செய்கிறார்கள். விரித்த தலைமுடி, வெள்ளைக் கண், பழிவாங்க ஒரு முன்கதை, எல்லாம் ரெடி. ஆனால் பத்தாவது சீனுக்கு மேல் கதை நகராது. பேய்க்கு முன்னால் அதற்கு ஒரு விதி வேண்டும். சீன் தலைப்பு, வசன அமைப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. விதி

அது எப்போது வரும், எப்போது வராது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். உதாரணமாக: 'சரியாகச் சாத்தாத கதவு வழியாக மட்டுமே அது உள்ளே வரும்.' இனி உங்கள் படத்தில் வரும் ஒவ்வொரு கதவும் ஆபத்துதான். பேயைக் காட்டாமலே வீடு முழுக்கப் பயம் வந்துவிட்டது. பாதியில் இந்த விதியை மீறாதீர்கள். எதுவும் எப்படியும் நடக்கலாம் என்றானதும் பார்ப்பவர் பயப்படுவதை விட்டுவிடுவார்.

2. ஏன் ஓடவில்லை?

'வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே' என்ற கேள்வி கட்டாயம் வரும். புயல், உடைந்த பாலம் எல்லாம் சாக்கு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை விட்டுப் போக முடியாது என்பது காரணம்.

3. பயமுறுத்தும் சீன்

பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான். 'பயங்கரமான உருவம் திடீரெனத் தோன்ற, மாலா அதிர்ச்சியில் உறைகிறாள்' என்று எழுதினால் படிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பயங்கரம், அமானுஷ்யம், திடீரென, மூன்றையும் வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும் போதும். ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி:

உள். படுக்கையறை - இரவு

மாலா கதவைத் தள்ளிச் சாத்துகிறாள்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறாள்.

கதவு ஒரு விரல் அளவு திறந்து நிற்கிறது.

அவள் முதுகு கதவுப் பக்கம்.

விதி நமக்குத் தெரியும், கதவு திறந்திருப்பது அவளுக்குத் தெரியாது. இனி எத்தனை வரி இழுக்கலாம் என்பதுதான் கேள்வி. வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். படிப்பவரின் கண் மெதுவாக இறங்கட்டும்.

இழுத்ததை எப்படி உடைப்பது? 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடப்பாள். பின்தொடரும் காலடிச் சத்தம் நின்றுபோகும். அந்த அமைதியில் சீறிக்கொண்டு வந்து நிற்பது வெறும் பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு படத்துக்கு ஒரு பஸ்தான். ஜன்னலில் பாயும் பூனையை மூன்றாவது முறை பார்க்கும்போது சிரிப்புதான் வரும்.

4. நீளம்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, 12 பாயின்ட் கூரியர் எழுத்துருவில் ஆங்கிலத்தில் எழுதும்போது பொருந்துவது. தமிழில் நம்ப வேண்டாம். ஸ்டாப்வாட்சை வைத்து, மௌனங்களையும் சேர்த்து, சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

எதில் எழுதுவது? முதல் பிரதிக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்குவது வீண். சில எளிய குறிகளை வைத்து எழுதினால் செயலிகள் அதைத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றித் தரும் ஃபவுன்டன் (Fountain) முறையில், சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக எழுதுங்கள். எந்தக் கணினியிலும் திறக்கும்.

பின்சேர்க்கை: ஃபவுன்டனில் தமிழ்ப் பெயர்கள் வசனத்துக்கு மேல் நடுவில் வராமல் ஓரத்திலேயே நிற்கின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். பாத்திரப் பெயரை அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. தமிழில் அதற்கு வழியில்லை. பெயருக்கு முன்னால் @ குறி போடுங்கள். பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி வேண்டும், கீழே கூடாது. 'உள்', 'வெளி' என்று தொடங்கும் சீன் தலைப்புகளுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் சரியாகிவிடும்.