இனிஷியல் முதல் நாமினி வரை: சான்றிதழ் விஷயத்தில் செய்யக்கூடாதவை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை என்று ஆடி மாதம் வரை ஓயாது. தாலுகா ஆபீஸை ஒட்டித்தான் என் கடை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது தொழில். இந்த சீசனுக்குப் புதிதாக இரண்டு பிள்ளைகளை உதவிக்கு வைத்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் நான் பண்ணிய அதே கூத்துகளை அவர்களும் பண்ணுகிறார்கள். எதிரே உட்காரும் வாடிக்கையாளர்களோ அதற்கு மேல். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போட்டோ கேபி அளவு மீறுவது, அசல் இல்லாமல் வருவது, கடைசித் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சர்வர் டவுன் என்று தலையில் கை வைப்பது, இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துகொள்வார்கள். பட்ட பிறகும் புரியாதவை வேறு இருக்கின்றன.

கடைக்காரரின் இமெயில், பக்கத்து வீட்டு போன் நம்பர்

"இமெயில் எல்லாம் இல்லண்ணா, நீங்களே ஏதாவது போட்டுக்குங்க." தினமும் கேட்கும் வசனம். கடைப் பையனும் அவசரத்தில் கடையின் இமெயிலையே போட்டுவிடுவான். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு போன்றவற்றில் அந்தக் கணக்கு பல வருடம் கூடவே வரும். ஹால் டிக்கெட், ரிசல்ட், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் அதன் வழியாகத்தான். நாளைக்குக் கடை மாறினாலோ, கடைக்காரர் தொழிலை விட்டாலோ, பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழி கிடையாது. பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, அவர்கள் போனிலேயே ஒரு இமெயில் உருவாக்கி, பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே டைரியில் எழுத வைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தைத் திற என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

போன் நம்பரும் அப்படித்தான். ஆஃபரில் கிடைத்த சிம்மை வங்கியிலும் ஆதாரிலும் கொடுத்துவிட்டு, ஆஃபர் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உபயோகத்தில் இல்லாமல் நிறுத்தப்பட்ட நம்பர், 90 நாள் போனால் வேறு ஒருவருக்குப் போகலாம். அப்புறம் உங்கள் ஓடிபி யாரோ ஒருவர் போனில் ஒலிக்கும்.

"ஆதார்ல மட்டும் மாத்திக் குடுங்க, போதும்"

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பெயர் என்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். படிவங்களோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக் கேட்கும். இந்த இடைவெளியில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது. உதாரணத்துக்கு கணேசன் மகன் பாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலும் பெயரும் இருக்கும். ஆதாரில் வெறும் பாலு. பான் கார்டில் கடைசிப் பெயர் கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டார்கள், அதனால் பாலு கணேசன். பாஸ்போர்ட்டில் ஏஜெண்ட் கைவரிசையில் கணேசன் பாலு. வங்கிப் புத்தகத்தில் பாலு ஜி. ஆள் ஒருவர்தான், கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர்.

இது போதாது என்று எழுத்துப் பெயர்ப்பு வேறு. தமிழில் 'க' என்று எழுதிய இனிஷியல் ஆங்கிலத்தில் கே-யா, ஜி-யா? 'ப' என்றால் P-யா, B-யா என்று கவுண்டரில் கேட்டால் பதில் சொல்வதற்குள் தட்டச்சு முடிந்திருக்கும். சண்முகத்தின் 'ச' எஸ் ஆகி, அந்த எஸ் இயந்திரப் பெயர்ப்பில் தமிழுக்குத் திரும்பும்போது 'ஸ்' ஆகி நிற்கும் அட்டைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சரி, வித்தியாசம் இருக்கட்டும், என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பான் - ஆதார் இணைப்பு நேரத்தில் என் கடை வாசலில் நின்றவர்களைக் கேட்க வேண்டும். 2023 ஜூன் 30-க்குள் ஆயிரம் ரூபாய் கட்டி இணைக்கச் சொன்னார்கள். பணம் கட்டிய பிறகு பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஜூலை 1 முதல் இணைக்காத பான் செயலிழந்தது. சம்பளத்தில் கூடுதல் வரிப் பிடித்தம், வருமான வரி ரீஃபண்ட் நிறுத்தம் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாம் ஓர் எழுத்தால்.

ஆனால் வித்தியாசம் இருப்பதுகூட நான் சொல்ல வந்த தவறு இல்லை. அதைத் திருத்துகிற முறைதான் தவறு. எந்த வேலைக்காக வந்தார்களோ, அந்த வேலைக்குத் தோதாக ஆதாரை மட்டும் மாற்றுவது. அடுத்த வேலை வந்தால் அதற்குத் தோதாக மறுபடி மாற்றுவது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவைதான் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த கடைக்காரர்களும் சொல்வதில்லை. வந்த ஆளைத் திருப்பி அனுப்ப மனசு வராது.

தையல் வேலை செய்யும் ஓர் அக்கா வந்தார். கல்யாணம் ஆன புதிதில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்று அப்பா இனிஷியலை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் பெயரை ஆதாரில் பின்னால் சேர்த்திருக்கிறார். அதற்குத் தேவையே இல்லை. கணவர் பெயர், முகவரிப் பகுதியில் பாதுகாவலர் பெயர் இருக்கும் இடத்தில் வந்தால் போதும். பெயரைத் தொடவே வேண்டாம். யாரோ சொன்னார்கள், யாரோ செய்து கொடுத்தார்கள். ஒரு வாய்ப்பு போயிற்று. அந்த ஆதாரை வைத்து பான் எடுத்தார், வங்கிக் கணக்கும் தொடங்கினார். பிறகு ஓர் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். ராத்திரியோடு ராத்திரியாக ஆதாரைப் பழையபடி மாற்றினார். இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. இப்போது ஆதார் மார்க் ஷீட்டோடு ஏறக்குறையப் பொருந்துகிறது, பானோடும் வங்கியோடும் பொருந்தவில்லை. பழைய கம்பெனி பி.எஃப். பணம் கணவர் பெயரோடு இருக்கிறது. திருத்திய பெயரிலோ ஓர் எழுத்து பிழை. "இன்னொரு தடவை மாத்திடலாம்ல தம்பி?" என்று கேட்டார். மூன்றாவது தடவை என்பது விதிவிலக்காகக் கேட்டு, அரசிதழ் வரை போக வேண்டிய வேலை. அதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

பிளவுஸ் தைக்கும்போது ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பிரித்துவிட்டால் மறுபக்கம் இழுத்துக்கொள்ளும் என்று அந்த அக்காவே சொன்னார்.

ஆகவே முதலில் வேர் ஆவணம் எது என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அதை மாற்றுவது எளிதல்ல, அதனால் மற்றவைதான் அதற்கு வளைய வேண்டும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வேர். பள்ளி சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிக்கு அதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே ஆஸ்பத்திரிப் படிவத்தில் அப்பா பெயரை வீட்டில் கூப்பிடும் பெயராக எழுதிவிட்டு வராதீர்கள். அப்பா, அம்மா ஆதாரில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் கவலை இல்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். பாட்டியோடு சண்டை போட்டு முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள்.

வேர் முடிவானதும், இனிஷியலை விரித்து எழுதினால் எப்படி வரும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும். அப்பா பெயர் பின்னால் வர வேண்டும், ஒற்றை எழுத்தாக வேண்டாம் என்பது என் கட்சி. ஆதாரை முதலில் சரி செய்யுங்கள், அதன் பிறகு பான், அதன் பிறகு வங்கி, பி.எஃப். வரிசை முக்கியம். 2025 ஜூலை 1 முதல் புதிதாகப் பான் எடுக்க ஆதார் கட்டாயம். ஆகவே ஆதாரில் உள்ள பிழை அப்படியே பானுக்கு இறங்கும். முன்னால் பானில் தனியாகப் பிழை செய்தோம், இப்போது மொத்தமாகச் செய்கிறோம்.

வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை டிக்கெட் வீணாகியிருக்கும். முதல் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் எஃப்.என்.யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் இருந்தும் ஆவணப்படி பெயரே தெரியாத ஆள்.

ஏற்கெனவே எல்லாம் கலைந்து கிடக்கிறது என்றால், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவது ஒரு வழி. தமிழ்நாட்டில் எழுதுபொருள் அச்சுத் துறை அதைச் செய்கிறது. செலவும் அலைச்சலும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. கெஞ்சிக் கெஞ்சி ஆறு வருடம் ஓட்டியவர்களைவிட, முதலிலேயே அரசிதழுக்குப் போனவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது நான் பார்த்த வரையில்.

லேமினேஷன்

அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை குத்த வேண்டி வரும்.

வாட்ஸ்அப்பில் வரும் மார்க் ஷீட்

போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ்

சிம் வாங்கும்போது, லோன் கேட்கும்போது, வாடகை வீடு பார்க்கும்போது ஆதார் ஜெராக்ஸில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாள் அடுத்து எந்த வேலைக்குப் போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கையெழுத்துக்கு மேலே குறுக்காக, இன்ன தேதியில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள், எழுத்து படத்தின் மேலேயே ஏறட்டும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் ரூம் எடுக்க அது போதும்.

கடை கம்ப்யூட்டரில் தங்கிவிடும் கோப்புகள்

பிரிண்ட் எடுத்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சிஸ்டத்தின் டவுன்லோட் ஃபோல்டரில் ஆதார், வங்கிப் புத்தகம், சில சமயம் வீட்டுப் பத்திரம்கூடக் கிடக்கும். வாட்ஸ்அப் வெப் அப்படியே திறந்திருக்கும். அடுத்து உட்காருகிறவர் யாரோ. என் கடையில் சாயங்காலம் ஷட்டர் இறக்கும் முன் ஃபோல்டரைக் காலி செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். எல்லாக் கடையிலும் அப்படி நடக்கும் என்று நம்பாதீர்கள். எழுந்திருக்கும் முன் "டெலீட் பண்ணிடுங்கண்ணா" என்று சொல்லி, பண்ணுவதைப் பார்த்துவிட்டுப் போங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

நாமினி

இளவட்டங்கள் முதல் வேலையில் சேர்ந்ததும் படிவத்தில் அம்மா பெயரைப் போடுவார்கள், நல்லது. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, வேலை மாறி, அந்தக் கட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பி.எஃப்-இல் கல்யாணத்துக்குப் பிறகு நாமினியைப் புதிதாகத் தர வேண்டும். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்தும் சொல்லலாம்.

இன்னொன்று. நாமினி என்றால் பணம் முழுக்க அவருக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசி விஷயத்தில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள், வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸில் மட்டும், பெற்றோரோ, கணவன் மனைவியோ, பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. அண்ணன் தம்பிக்குள் இதனால் வந்த சண்டைகளை வாரிசுச் சான்று விண்ணப்பம் போடும்போது நிறையக் கேட்டிருக்கிறேன்.

நாமினி பெயரையும் அவர் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். வீட்டில் தனம் என்று கூப்பிடுகிறோம் என்பதால் தனம் என்று போட்டுவிட்டு, ஆதாரில் தனலட்சுமி என்று இருந்தால், கணவர் போன துக்கத்தில் அந்த அம்மா இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் சத்தியம் செய்யப் போக வேண்டும். போன வாரம்தான் ஒருவருக்கு அந்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்.