பைதானா, எஸ்க்யூஎல்லா? தரவரிசையை விட்டுவிட்டு சம்பளத் தரவில் நீங்களே பார்ப்பது எப்படி

டேட்டா வேலைக்குத் தயாராகும் பலர் நிரல்மொழிகளைத் தரவரிசைப்படுத்தும் டியோபி பட்டியலைப் பார்த்துவிட்டு, பைதான் போதும் என்று தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லைத் தள்ளிவைக்கிறார்கள். அந்தப் பட்டியல் வேலைகளை எண்ணுவதில்லை. மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' சேர்த்துத் தேடினால் தேடுபொறிகள் எத்தனை பக்கம் காட்டுகின்றன என்பதுதான் அதன் அளவுகோல். பிஒய்பிஎல் என்ற இன்னொரு தரவரிசை, கூகுளில் 'டுடோரியல்' தேடுபவர்களை எண்ணுகிறது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் எஸ்க்யூஎல்லை 'டேட்டா' வகையில் போட்டுவிடுவதால் அதன் மொழிக் கணக்கில் அது வருவதே இல்லை. பொறியியல் இதழான ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் வேலைகளுக்கென்று தனிப் பட்டியல் போடுகிறது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் பொதுப் பட்டியலில் பைதான் முதலிடம். வேலைப் பட்டியலில் எஸ்க்யூஎல்தான்.

சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்க நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்தும் சர்வேயின் சிஎஸ்வி கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 2024 கோப்பில் 65,000க்கு மேல் பதில்கள் உண்டு. எக்செல் வேண்டாம், பைதானின் தரவு நூலகமான பாண்டாஸில் திறங்கள். காரணம் மொழிப் பத்திக்கு வரும்போது தெரியும்.

முதலில் நாடு 'இந்தியா' என்று வடிகட்டுங்கள். பல நாட்டுச் சம்பளங்களைக் கலந்தால், அமெரிக்காவில் அதிகம் புழங்கும் மொழிகள் எல்லாம் பொன் விளைவதுபோல் தெரியும். 'கன்வர்டட்காம்ப்இயர்லி' பத்தி ஆண்டுச் சம்பளத்தை டாலரில் தருகிறது. அது காலியாக உள்ள வரிகளை நீக்குங்கள்.

அடுத்தது மொழிப் பத்தி, 'லாங்வேஜ்ஹேவ்வொர்க்ட்வித்'. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒருவருக்குத் தெரிந்த எல்லா மொழிகளும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே கட்டத்தில் இருக்கும். எழுத்துகள் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் 'கன்டெய்ன்ஸ்' வைத்து 'ஜாவா' என்று தேடினால் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களும் வந்துவிடுவார்கள். 'ஆர்' என்று தேடினால் ரூபியும் ரஸ்ட்டும் உள்ளே. பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். எனவே அரைப்புள்ளியில் 'ஸ்பிளிட்' செய்து, 'எக்ஸ்ப்ளோட்' கொடுங்கள். ஒரு வரிக்கு ஒரு மொழி கிடைக்கும். பிறகு மொழிவாரியாக 'குரூப்பை' போட்டு மீடியனும் (நடு மதிப்பு) எண்ணிக்கையும் எடுங்கள். சராசரி கூடாது, மாதச் சம்பளத்தை ஆண்டுக்கென்றோ, பூஜ்ஜியம் கூட்டியோ நிரப்பிய ஓரிருவர் போதும், அதைக் கவிழ்க்க. 30 பேருக்குக் குறைவான மொழியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. இலங்கை, சிங்கப்பூர் என்று வடிகட்டுபவர்கள் இதை முதலில் பாருங்கள்.

இந்த அட்டவணையை மட்டும் நம்பி மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூத்தவர்கள் அதிகம் புழங்கும் மொழி மேலே நிற்கும். அது அனுபவத்துக்குக் கிடைக்கும் சம்பளம். வேலையில் நிரல் எழுதிய ஆண்டுகளைச் சொல்லும் 'இயர்ஸ்கோட்ப்ரோ' பத்தியை 0–2, 3–5, 6–10 ஆண்டுகள் என்று பிரித்து மறுபடி பாருங்கள். அதில் 'ஓராண்டுக்கும் குறைவு' என்பது எழுத்தாக இருக்கும். எண்ணாக மாற்றும் முன் அதற்கு 0 போடாவிட்டால், புதியவர்கள் பலர் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். நீங்கள் தேடுவது அவர்களின் சம்பளத்தைத்தான்.

கடைசியாக, 'எக்ஸ்ப்ளோட்' செய்யாத அட்டவணைக்குத் திரும்பி, பைதான் மட்டும், எஸ்க்யூஎல் மட்டும், இரண்டும் என மூன்று குழுக்களை ஒரே அனுபவ வரம்புக்குள் ஒப்பிடுங்கள். பணி வகையைச் சொல்லும் 'டெவ்டைப்' பத்தியில் டேட்டா இன்ஜினியர், அனலிஸ்ட் என்று வடிகட்டினால் இன்னும் தெளிவாகும்.

பிற்சேர்க்கை: 2020 கோப்பில் இதே படிகள் 'கீ எரர்' (அந்தப் பெயரில் பத்தி இல்லை என்ற பிழை) தரும். அங்கே பத்திகளின் பெயர் 'லாங்வேஜ்வொர்க்ட்வித்', 'கன்வர்டட்காம்ப்'. பல ஆண்டுக் கோப்புகளை ஒட்டும் முன் பெயர்களை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.