எல்லா ‘ஆக’வும் ‘மென்தே’ அல்ல

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி மூன்றாவது மாதம். இணைய வகுப்பில் ஆசிரியை, “அம்மா எப்படி இருக்கிறார்?” என்று ஸ்பானிஷில் கேட்டார். ‘நன்றாக இருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். ‘புவேனோ’ என்றால் ‘நல்ல’. அம்மா பெண், அதனால் ‘புவேனா’. ‘எஸ்தா புவேனா’ என்றேன். பால் பொருத்தமெல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டோம் என்ற பெருமை வேறு. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சாப்பாட்டைப் பற்றி இப்படிச் சொல்லுங்கள், அம்மாவைப் பற்றி வேண்டாம்” என்றார். ஸ்பானிஷ் பேசும் பல ஊர்களில் ஒரு பெண்ணைப் பற்றி ‘எஸ்தா புவேனா’ என்று சொன்னால், அது தெருமுனையில் நிற்கும் பையன்கள் அடிக்கும் கமெண்ட். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘எஸ்தா பியென்’.

‘புவேனோ’ பெயரடை, ‘பியென்’ அதற்கான வினையடை. ‘மாலோ’ பெயரடை, ‘மால்’ வினையடை. இந்த இரண்டு ஜோடியும் எந்த விதிக்கும் கட்டுப்படாதவை, மனப்பாடம் செய்துவிட வேண்டியதுதான். விதிப்படி ‘புவேனாமென்தே’ என்று கட்டினால் அப்படியும் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அதற்கு ‘முடிந்த அளவில், சிரமமில்லாமல்’ என்று வேறு பொருள்.

மற்றவற்றுக்கு விதி உண்டு. பாடநூலில் அது ஒரே வரி: பெயரடையைப் பெண்பால் ஒருமையாக்கி, பின்னால் ‘மென்தே’ சேர்க்க வேண்டும். ‘லென்தோ’ (மெதுவான) ‘லென்தா’வாகி, ‘லென்தாமென்தே’ (மெதுவாக) என்று முடியும். ‘மெந்தே’ என்று நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அப்படி எழுதினால் நம் நாக்கு ‘பந்து’, ‘சொந்தம்’ மாதிரி மெலிதாக்கிவிடும். இங்கே வரும் ‘தே’, ‘தேர்’ என்பதில் வரும் ‘தே’.

விதி எளிதுதான். பாடநூல் சொல்லாமல் விடும் இரண்டு விஷயங்களில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஒன்று, ‘மென்தே’ எங்கிருந்து வந்தது என்பது. இன்னொன்று, தமிழின் ‘ஆக’ செய்யும் வேலை.

முதலில் வரலாறு. லத்தீனில் ‘மென்ஸ்’ என்றால் மனம். அதன் வேற்றுமை வடிவங்களில் ஒன்றுதான் ‘மென்தே’. நம் மூன்றாம் வேற்றுமை போல ‘மனத்தால்’, ‘மனத்தோடு’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ‘க்ளாரா மென்தே’ என்றால் ‘தெளிந்த மனத்தோடு’. இரண்டு தனிச்சொற்களாக இருந்தவை காலப்போக்கில் ஒட்டிக்கொண்டன, மனம் என்ற பொருளும் தேய்ந்துபோனது. இன்று மனமே இல்லாத மழைகூட ‘லென்தாமென்தே’ பெய்யலாம். இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் மூன்று தவறுகள் தாமாகவே விலகிவிடும்.

முதல் தவறு ‘லென்தோமென்தே’. வாக்கியத்தின் எழுவாய் ஆண் என்றால் ‘லென்தோமென்தே’, பெண் என்றால் ‘லென்தாமென்தே’ என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. லத்தீனில் ‘மென்ஸ்’ பெண்பால் சொல். பெயரடை அந்த மனத்தோடுதான் பொருந்துகிறது, பேசுகிறவரோடு அல்ல. ஆண், பெண், கழுதை யார் நடந்தாலும் ‘லென்தாமென்தே’தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பெண்பாலாக்க வேண்டும் என்பது மனதில் பதிந்துபோய், எதன் பின்னாலும் ஓர் ‘ஆ’வைச் செருகுவது. ‘ஃபெலிஸ்’ (மகிழ்ச்சியான), ‘ஃபாசில்’ (எளிதான), ‘அமாப்லே’ (அன்பான) போன்றவற்றுக்கு ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றே. எனவே ‘ஃபெலிஸ்மென்தே’, ‘ஃபாசில்மென்தே’, ‘அமாப்லேமென்தே’ போதும். ‘ஃபெலிசாமென்தே’ என்று ஒன்று கிடையாது. ‘ஓர்’ என்று முடியும் சொற்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘என்கான்தாதோர்’ (மனம் கவரும்) என்பதற்குப் பெண்பால் வடிவம் இருக்கிறது, அதனால் ‘என்கான்தாதோராமென்தே’. ‘ஆன்தெரியோர்’ (முந்தைய) என்பதற்கு அது இல்லை, அதனால் ‘ஆன்தெரியோர்மென்தே’.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் தமிழ் அப்படியே தெரியும். ‘மெதுவாகவும் கவனமாகவும் ஓட்டினார்’ என்பதில் இரண்டு இடத்திலும் ‘ஆக’ வருகிறது. ‘மெதுவும் கவனமாகவும்’ என்று தமிழில் சொல்ல முடியாது. அதே பழக்கத்தில் ‘லென்தாமென்தே இ குயிதாதோசாமென்தே’ என்று எழுதிவிடுகிறோம். ஸ்பானிஷ்காரர் எழுதுவது ‘லென்தா இ குயிதாதோசாமென்தே’. கடைசிச் சொல்லில் மட்டும் ‘மென்தே’. ‘மெதுவான, கவனமான மனத்தோடு’ என்பதுதானே பழைய பொருள்? இரண்டு பண்புக்கும் ஒரே மனம் போதும்.

இதில் இன்னொரு சின்னக் கண்ணி. முதல் சொல் தனியாக நிற்பதால் அது வெறும் பெயரடை என்று எண்ணி, ‘லென்தோ இ குயிதாதோசாமென்தே’ என்று ஆண்பாலில் விட்டுவிடுவார்கள். அதுவும் அந்த மனத்தைத்தான் சார்ந்திருக்கிறது. ‘லென்தா’வாகத்தான் இருக்க வேண்டும். ‘வேகமாகவும் திறம்படவும்’ என்பதற்கு ‘ராப்பிதா இ எஃபிகாஸ்மென்தே’ என்று வருவதும் இப்படியே.

எழுத்தில் வரும் தவறு, சாய்கோடு. ஸ்பானிஷில் சில சொற்களில் அழுத்தம் விழும் உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு போடுவார்கள். ‘ராப்பிதோ’வில் ‘ரா’வின் மேல் உண்டு, ‘ஃபாசில்’லில் ‘ஃபா’வின் மேல் உண்டு, ‘லென்தோ’வில் கிடையாது. ‘மென்தே’ சேர்ந்த பிறகும் இதில் எதுவும் மாறாது. இருந்த கோடு இருக்கும், இல்லாத கோடு முளைக்காது. கோட்டைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் விதி தெரிந்தவர்கள்தான். ‘உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் இயல்பாகவே அழுத்தம் வரும், எனவே கோடு தேவையில்லை’ என்று கணக்குப் போட்டு அழித்துவிடுகிறார்கள். ஆனால் ‘மென்தே’ வினையடைகளுக்கு இரண்டு அழுத்தம். ‘ராப்பிதாமென்தே’யைச் சொல்லிப் பாருங்கள்: ‘ராப்’பில் ஒரு தட்டு, ‘மென்’னில் இன்னொரு தட்டு. இரண்டு சொல்லாக இருந்த காலத்தின் மிச்சம் அது. இத்தாலியனோ போர்ச்சுகீசோ முன்பே படித்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்த மொழிகளில் இதே சொல்லுக்குக் கோடு கிடையாது.

சாய்கோடு என்றதும் ‘சோலோ’ (தனியான, மட்டும்) நினைவுக்கு வருகிறது. ‘மட்டும்’ என்ற வினையடைப் பொருளில் வரும்போது அதற்குக் கோடு வேண்டுமா என்பது ஸ்பெயினில் பெரிய சண்டை. கோடு வேண்டியதில்லை என்று ஸ்பானிஷ் அரச மொழிக் கழகம் 2010இல் பரிந்துரைத்தது. எழுத்தாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பொருள் மயக்கம் வரும் என்று எழுதுகிறவர் கருதினால் போட்டுக்கொள்ளலாம் என 2023இல் கழகம் கொஞ்சம் இறங்கி வந்தது. நமக்கேன் வம்பு, ‘சோலாமென்தே’ என்று எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை.

சரி, இப்போது நம் ‘ஆக’வுக்கு வருவோம்.

‘வேகமான, வேகமாக’, ‘தெளிவான, தெளிவாக’ என்று பார்த்தவுடன் ‘ஆக என்றால் மென்தே’ என்று ஒரு சூத்திரம் மனதில் எழுதிக்கொள்கிறோம். பாதி நேரம் அது வேலை செய்யும். மீதிப் பாதியில் கவிழ்த்துவிடும். தமிழில் ‘ஆக’ வினையை மட்டும் சிறப்பிப்பதில்லை. ‘இரு’ என்ற வினையோடு சேர்ந்து ஒருவருடைய நிலையையும் சொல்கிறது. ‘அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்’ என்பதில் மகிழ்ச்சி அவளுடையது, இருப்பதினுடையது அல்ல. ஸ்பானிஷ் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கும். எனவே ‘எஸ்தா ஃபெலிஸ்’. ‘எஸ்தா ஃபெலிஸ்மென்தே’ என்று சொன்னால் வாக்கியம் முடியாமல் தொங்கும். மகிழ்ச்சியாக… என்ன செய்கிறாள் என்று கேட்பவர் காத்திருப்பார். காப்பி சூடாக இருக்கிறது, அறை சுத்தமாக இருக்கிறது, தெரு அமைதியாக இருக்கிறது: எதற்கும் ‘மென்தே’ வராது. வெறும் பெயரடை, அதுவும் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்றபடி.

‘இரு’ இல்லாத இடத்திலும் இது வரும், அங்கேதான் ஓரளவு தேறியவர்களும் தடுக்குவார்கள். ‘குழந்தைகள் சந்தோஷமாக வந்தார்கள்’ என்பதில் சந்தோஷம் யாருடையது? வந்த விதத்தினுடையதா, குழந்தைகளுடையதா? குழந்தைகளுடையது. எனவே ‘யேகாரோன் கோன்தென்தோஸ்’ என்று பன்மைப் பெயரடையாக வரும். ‘அமைதியாகத் தூங்குகிறார்கள்’ என்பதற்கு ‘துவேர்மென் த்ரான்கீலோஸ்’ வெகு இயல்பு. தூங்குகிறவர்கள் சிறுமிகள் மட்டும் என்றால் ‘த்ரான்கீலாஸ்’.

ஸ்பெயினில் குழந்தைகளுக்குக் கதை சொல்லி முடிக்கும்போது ஒரு வாய்பாடு உண்டு: ‘பிவியேரோன் ஃபெலிசெஸ் இ கோமியேரோன் பெர்தீசெஸ்’. மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள், கௌதாரி சாப்பிட்டார்கள். கௌதாரிக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, கடைசி ஓசை பொருந்துவதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே ‘ஃபெலிசெஸ்’ என்பது ‘ஃபெலிஸ்’ஸின் பன்மை, பெயரடைதான். ‘மென்தே’ போடட்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் நான் இந்தக் கௌதாரியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தொழிலைச் சொல்லும் ‘ஆக’ இன்னொரு வகை. ‘சர்வராக வேலை பார்க்கிறான்’ என்பதற்கு ‘த்ராபாஹா தே கமரேரோ’. இங்கே ‘மென்தே’யை யாரும் போட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம், வினையைச் சிறப்பிக்கும் இடத்திலேயே ‘மென்தே’ இல்லாமல் வரும் குட்டைச் சொற்கள். ‘வேகமாகப் பேசுகிறார்கள்’ என்பதற்கு ‘ஆப்லான் ராப்பிதோ’ என்றுதான் தெருவில் கேட்கும். இங்கே ‘ராப்பிதோ’ வினையடை, அதனால் அசையாது. பேசுபவர்கள் பலர் என்பதற்காக ‘ராப்பிதோஸ்’ ஆக்கக் கூடாது. சத்தமாகப் பேசுவது ‘ஆப்லார் ஆல்தோ’, கடுமையாக உழைப்பது ‘த்ராபஹார் தூரோ’. இப்படிப்பட்ட சொற்களுக்கு ‘மென்தே’ போட்டால் சில இடங்களில் பொருளே திரும்பிவிடும். ‘ஆல்தாமென்தே’ என்றால் ‘மிக உயர்ந்த அளவில்’. சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘தூராமென்தே’ பேசினார் என்றால் கடிந்து பேசினார் என்று அர்த்தம். ‘திஃபீசில்மென்தே’ வருவான் என்றால் சிரமப்பட்டு வந்துவிடுவான் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். வருவது சந்தேகம் என்பதே அதன் பொருள்.

‘ரொம்ப’ என்ற நம் சொல்லும் இதேபோல் காலை வாரிவிடும். ரொம்ப மெதுவாக, ரொம்பப் பேசுகிறான், ரொம்பப் பேர் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஸ்பானிஷில் பெயரடைக்கும் வினையடைக்கும் முன்னால் ‘முய்’, வினையோடு ‘மூச்சோ’: ‘முய் லென்தாமென்தே’, ‘ஆப்லா மூச்சோ’. விதிவிலக்கு ‘மெஹோர்’ (மேலான, மேலாக). அதற்கு முன் ‘மூச்சோ’தான் வரும், ‘முய் மெஹோர்’ தவறு. ‘மேதியோ கான்சாதா’ (பாதி களைத்தவள்) என்பதில் ‘மேதியோ’ வினையடை, எனவே அது மாறக் கூடாது. லத்தீன் அமெரிக்காவில் ‘மேதியா கான்சாதா’ என்று தாய்மொழிக்காரர்களே சொல்லக் கேட்கலாம், ஆனால் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

விதி கைவந்த பிறகு வரும் நோய், எல்லா வாக்கியத்திலும் ‘மென்தே’. என் பழைய கட்டுரைப் பயிற்சி ஒன்றில் ஒரே பத்தியில் ஆறு இருந்தன. வாசித்தால் ரயில் தண்டவாளச் சத்தம் கேட்கும். பேச்சில் ‘குயிதாதோசாமென்தே’யைவிட ‘கோன் குயிதாதோ’ (கவனத்தோடு) அதிகம் புழங்குகிறது; நமக்கும் ‘கவனமாக’, ‘கவனத்தோடு’ என்று இரண்டும் இருப்பதால் இது எளிதில் பிடிபடும். ‘தே மனேரா க்ளாரா’, ‘தே மோதோ க்ளாரோ’ என்று ‘தெளிவான முறையில்’ பாணியிலும் சொல்லலாம். ‘மனேரா’ பெண்பால், ‘மோதோ’ ஆண்பால் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் தன் பிற்கால எழுத்தில் ‘மென்தே’ சொற்களைத் தேடித் தேடி ஒதுக்கியவர். தொடக்க நிலை மாணவருக்கு அவ்வளவு விரதம் தேவையில்லை, பத்திக்கு ஒன்றிரண்டு இருந்தால் போகட்டும்.

இன்னொரு ஆபத்து ஆங்கிலம் வழியாக வருகிறது. நம்மில் பலர் ‘ஆக்சுவலா’ இல்லாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதில்லை. அந்தப் பழக்கத்தில் ‘ஆக்துவால்மென்தே’ என்று ஆரம்பித்தால், கேட்பவருக்கு அது ‘தற்போது’ என்றே போய்ச் சேரும். நாம் தேடுவது ‘என் ரெயாலிதாத்’. ‘ஊல்திமாமென்தே’ என்பதும் ‘இறுதியில்’ என்று ஒலிக்கிறதே தவிர, பேச்சில் அதன் பொருள் ‘சமீப காலமாக’.

எல்லாவற்றையும்விட விலை கொடுக்க வைப்பது ‘எவென்துவால்மென்தே’. ஆங்கிலத்தில் இதன் உறவினர் ‘ஒருநாள் நிச்சயம் நடக்கும்’ என்று சொல்லும். ஸ்பானிஷில் இதற்கு ‘நடந்தாலும் நடக்கலாம்’, ‘எப்போதாவது’ என்றுதான் பொருள். ஆங்கிலப் பாதிப்பில் லத்தீன் அமெரிக்காவில் சிலர் ‘இறுதியில்’ என்ற பொருளிலும் சொல்கிறார்கள், ஆனால் எதிரில் இருப்பவர் அந்தச் சிலரில் ஒருவரா என்று உங்களுக்குத் தெரியாது. வாடகை பாக்கிக்காக வாசலில் நிற்கும் மாட்ரிட் வீட்டுக்காரரிடம், கட்டாயம் தந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு ‘எவென்துவால்மென்தே’ தருகிறேன் என்று சொன்னால், ‘கையில இருந்தா தர்றேன், இல்லாட்டி இல்ல’ என்றுதான் அவர் காதில் விழும்.