படகுக்குள் தண்ணீரா? பம்ப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

"அப்பா, என் செருப்பு மிதக்குது!"

போன ஜூலையில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சிம்கோ ஏரியின் நடுவில் மகன் இப்படிக் கத்தியபோது, பம்ப் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெளியே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எங்களுடையது பழைய 18 அடி ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு மோட்டார். தரைப் பலகைக்கு அடியில் தண்ணீர் போய்த் தேங்கும் பள்ளத்தைத்தான் பில்ஜ் என்கிறார்கள். அங்கே நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் அடைப்பான்

சிரிக்காதீர்கள். ஒன்டாரியோவில் 2022 முதல், படகைச் சாலையில் இழுத்துப் போகும்போது வடிகால் அடைப்பானை (படகுக்குள் சேரும் தண்ணீர் வடியும் துளையை மூடும் மூடி) கழற்றியிருக்க வேண்டும் என்பது விதி. வரிச்சிப்பி (ஜீப்ரா மஸ்ஸல்) மாதிரியான அந்நிய உயிரினங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு. நல்ல விதிதான். ஆனால் இறக்குதளத்துக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் துளை திறந்தே இருக்கும், மாட்ட மறந்தால் கதை முடிந்தது. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். '500' என்று போட்ட சின்ன பம்ப் மணிக்கு 500 கேலன், அதாவது நிமிடத்துக்கு 31 லிட்டர்தான் இறைக்கும். அதுவும் குழாயை மேலே தூக்காமல் அளந்த கணக்கு. நான் அடைப்பானைக் கார் சாவி வளையத்தில் கோத்து வைக்கிறேன். அதை மாட்டாமல் படகு தண்ணீரில் இறங்காது.

2. ஓட்டையைத் தேடுங்கள், தரையில் வைத்தே

ஏரியில் மிதந்துகொண்டே ஓட்டை தேடுவது வீண் வேலை. படகை ட்ரெய்லரில் வைத்து, அடைப்பானை மாட்டி, தோட்டக் குழாயால் பில்ஜுக்குள் நாலைந்து அங்குலம் மட்டும் தண்ணீர் விடுங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, ட்ரெய்லர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்தபோது, வடிகால் வளையத்தின் இடது திருகுத் தலையில் ஒரு துளி தொங்கியது. துடைத்தேன். இரண்டு நிமிடத்தில் அதே இடத்தில் இன்னொன்று. கழற்றிப் பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் குளியலறை சிலிக்கோனைப் பூசியிருக்கிறார். நீர்மட்டத்துக்குக் கீழே அது நிற்காது. சுரண்டி எடுத்து, காயவைத்து, 3எம் 4200 என்ற படகுப் பசையைப் பூசி மாட்டினேன். 5200 இன்னும் பலம் என்று கடையில் சொல்வார்கள். பலம்தான், ஆனால் பின்னால் கழற்ற நினைத்தால் ஃபைபரும் சேர்ந்து பெயரும். எனக்கு 4200 போதும்.

தரையில் எதுவும் கசியவில்லையா? மழைத் தண்ணீராக இருக்கலாம், பிடித்த மீனைப் போட்டு வைக்கும் தொட்டியின் குழாயாகவும் இருக்கலாம். தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து விடுங்கள். பில்ஜில் நிறம் வந்தால் ஆள் சிக்கிவிட்டது.

3. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் போகவில்லை

நான் இரண்டு வாரம் தொலைத்தது இங்கேதான். பம்ப் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் திரும்பப் பில்ஜுக்கே வருகிறதே என்று, புத்திசாலித்தனமாக ஒரு ஒருவழி வால்வு வைத்தேன். மேலே நின்ற தண்ணீர் வால்வை அழுத்தி மூடியது. கீழே பம்புக்குள் காற்று சிக்கியது. இந்தச் சின்ன பம்புகளுக்குக் காற்றைத் தள்ளி வால்வைத் திறக்கும் தெம்பு கிடையாது, சும்மா சுழலும். சத்தத்தைக் கேட்டு நான் ஏமாந்தேன்.

வால்வைத் தூக்கிப் போட்டேன். நெளிநெளியான குழாயையும் மாற்றி, உட்புறம் வழுவழுப்பான குழாயை, நடுவில் தொய்வில்லாமல் ஏறுமுகமாகவே கொண்டுபோனேன். வெளியேறும் வாய், எல்லோரும் ஏறிப் படகு அமிழ்ந்த பிறகும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரியே அந்தக் குழாய் வழியாக உள்ளே வரும்.

4. ஒயரிங்

மிதவை சுவிட்சுக்கு (தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓடவிடுவது) போகும் ஒயரை மெயின் சுவிட்சைத் தாண்டி, பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். நீங்கள் வீட்டில் தூங்கும்போதும் அது வேலை செய்ய வேண்டுமே. பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஒரு ஃப்யூஸ், பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவில். இலை தழை சிக்கிப் பம்ப் நின்றால் ஒயர் சூடாகும், அப்போது காப்பாற்றுவது இந்த ஃப்யூஸ்தான். இணைப்புகளுக்கு உள்ளே பசை உள்ள சுருங்கு உறை போடுங்கள், வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு சீசன்கூடத் தாங்காது. பில்ஜில் பெட்ரோல் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்.

முடித்ததும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, வெளியே விழுவதைக் கண்ணால் பாருங்கள். எண்ணெய் படலம் மிதந்தால் முதலில் எண்ணெய் உறிஞ்சும் பஞ்சுத் தாளால் எடுத்துவிடுங்கள், ஏரிக்குள் இறைக்கக் கூடாது.

பின்சேர்க்கை: வால்வை எடுத்த பிறகு பம்ப் நின்று நின்று ஓடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். முக்கால் அங்குலக் குழாய் 2 மீட்டர் இருந்தால் அரை லிட்டருக்கு மேல் திரும்பி வரும். அதுவே மிதவையை மறுபடி தூக்கிவிடும். குழாயைக் குட்டையாக்குங்கள், மிதவையை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். எனக்கு அதோடு நின்றுவிட்டது.

இன்னொன்று: கனடாவில் 6 மீட்டர் வரையான படகில் இறைக்கும் குவளையோ கைப்பம்போ கட்டாயம் இருக்க வேண்டும். குவளை என்றால் குறைந்தது 750 மில்லி கொள்ளளவு, வாய் 65 சதுர சென்டிமீட்டர். பழைய ப்ளீச் கேனின் அடியை வெட்டிக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். அது இப்போது மகனின் பொறுப்பு.