லெட்யூஸ் விதை முளைக்கவில்லையா? இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்

வெயில் காலத்தில் லெட்யூஸ் விதையை நேரடியாகத் தொட்டியில் தூவாமல், ஈரமான டிஷ்யூ தாளில் பரப்பி மடித்து, மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் 2 அல்லது 3 நாட்கள் வைத்திருந்து, பிறகு மாலை நேரத்தில் விதையுங்கள். தாளில் நீர் சொட்டக் கூடாது. பிழிந்த துணியின் ஈரம் போதும். ஃப்ரீசரில் வைத்தால் நனைந்த விதை கெட்டுவிடும்.

லெட்யூஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர் என்பதால், விதை ஈரத்தை உறிஞ்சும் வேளையில் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பல ரகங்களின் விதைகள் முளைக்காமல் உறக்கநிலைக்குச் சென்றுவிடுகின்றன. விதை பழையது என்றெண்ணி நாம் இன்னொரு பாக்கெட் வாங்குகிறோம். குளிரில் ஈரம் ஏறிய விதைக்கு அந்தத் தடை பெருமளவு நீங்கிவிடுகிறது. பல ரகங்கள் முளைக்க வெளிச்சமும் உதவுவதால், விதையை ஆழமாகப் புதைக்காமல், மேலே சலித்த தேங்காய் நார்த்தூளை மிக மெல்லியதாகத் தூவி, தொட்டியை நிழலில் வைத்து, பூவாளியால் அல்லாமல் தெளிப்பானால் நீர் விடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும், சமவெளியில் மார்கழி, தை மாதங்களிலும் பெரும்பாலும் இது தேவைப்படாது. முளைப்பதற்கு மட்டுமே இம்முறை உதவும். சித்திரை வெயிலில் வளரும் செடி விரைவில் பூத்தண்டு விட்டு இலை கசந்துபோவதை இதனால் தடுக்க முடியாது.