ரியல் எஸ்டேட் தொழிலுக்கு மெய்நிகர் உதவியாளரை அமர்த்தும் முறை

ரியல் எஸ்டேட் முகவரின் நாளில் பெரும்பகுதி சொத்தைக் காட்டுவதிலோ விலை பேசுவதிலோ செலவாவதில்லை. விசாரித்தவர்களின் விவரங்களைப் பதிந்துவைப்பது, புகைப்படங்களை ஒழுங்குபடுத்தி விளம்பரம் ஏற்றுவது, சொத்தைப் பார்க்க வருவோருக்கு நேரம் குறிப்பது, வந்துசேராத ஆவணங்களைக் கேட்டு நினைவூட்டுவது என்று மேசை வேலைகளிலேயே அது கரைந்துவிடுகிறது. இவற்றை வேறோர் இடத்தில் இருந்தபடி இணையம் வழியாகச் செய்து தருபவரே மெய்நிகர் உதவியாளர். ஆளைத் தேடுவதில் காட்டும் அக்கறையை, எந்த வேலையை ஒப்படைக்கப்போகிறோம் என்று தீர்மானிப்பதில் பலர் காட்டுவதில்லை. ஏற்பாடு பாதியில் முறிந்துபோவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாகிறது.

எனவே விளம்பரம் கொடுப்பதற்கு முன், இரண்டு வாரங்களுக்கு நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதற்கான நேரத்தோடு குறித்துவையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பற்றி ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது சரியாக முடிந்ததா என்பதை முடிந்த வேலையைப் பார்த்தே என்னால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அதை ஒப்படைக்கலாம். விளம்பரத்தில் பரப்பளவு சரியாக இருக்கிறதா, நாட்காட்டியில் சந்திப்பு ஏறியிருக்கிறதா என்பதையெல்லாம் சரிபார்த்துவிட முடியும். வாங்க வந்தவர் உண்மையில் எவ்வளவு வரை போவார், விற்பவர் எந்த இடத்தில் இறங்கி வருவார் என்பவை அனுபவத்தால் எடை போட வேண்டியவை. அவை உங்களிடமே இருக்கட்டும்.

சட்டமும் இங்கே ஒரு கோடு போடுகிறது. சொத்துத் தரகுக்கு உரிமம் கட்டாயமாக உள்ள இடங்களில், விலை பேசுவது, சொத்தின் மதிப்பைக் குறித்துக் கருத்துச் சொல்வது, ஒப்பந்த விதிகளை விளக்குவது போன்றவற்றை உரிமம் இல்லாத உதவியாளர் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு பொதுவாக உண்டு. விளம்பர வாசகங்களுக்கும் விதிகள் இருக்கலாம். சான்றாக, அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம், மதம் போன்றவற்றின் அடிப்படையில் இன்னாருக்கே வீடு என்று பொருள்படும் விளம்பரங்களைத் தடை செய்கிறது. வேறு நாட்டில் இருக்கும் உதவியாளருக்கு உங்கள் இடத்தின் விதிகள் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை; முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எழுதிக் கொடுப்பதுதான் இந்த முழு ஏற்பாட்டின் அடித்தளம். ஒரு வேலையை நீங்கள் செய்யும்போதே கணினித் திரையைப் பதிவு செய்து, கூடவே ஒரு பக்க அளவில் படிகளையும் எழுதிவிட்டால், அதே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. புதிய விசாரணை வரும்போது என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் தாமதத்தால் அதிகம் இழப்பது அங்கேதான். 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட ஏறத்தாழ 7 மடங்கு அதிகமாகப் பயனுள்ள உரையாடலை எட்டியதாகக் கூறியது. ஆகவே உங்கள் குறிப்பில், எத்தனை நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும், எந்த நான்கைந்து கேள்விகளைக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் எந்தெந்த நாட்களில் நினைவூட்ட வேண்டும் என்பவை தெளிவாக இருக்கட்டும். ‘குறைந்தபட்ச விலை என்ன?’ என்று கேட்பவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால், உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்திலேயே அவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடக்கூடும்.

தேடுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தனியாகப் பணியாற்றுபவரை நேரடியாக அமர்த்தினால் செலவு குறையும், உறவும் நெருக்கமாக இருக்கும். அவர் நோய்வாய்ப்பட்டால் மாற்று ஆள் இல்லை. முகமை வழியாகப் போனால் மாற்று ஆள் கிடைப்பார், ஆனால் கட்டணம் கூடும். எப்படியானாலும், எந்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உங்கள் அலுவல் நேரத்தோடு எத்தனை மணி நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பவற்றை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இரவாக இருக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்பவரால் தரவுப்பதிவு தடைபடாது. ஆனால் பகலில் வரும் விசாரணைகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்ல அவரால் முடியாது.

நேர்காணலில் நன்றாகப் பேசுபவர்கள் எல்லோரும் நன்றாக வேலை செய்பவர்கள் அல்லர் என்பதால், இறுதியில் எஞ்சும் இரண்டு மூன்று பேருக்கு ஊதியத்தோடு ஒரு சோதனைப் பணி கொடுங்கள். ஒரு சொத்தின் விவரங்களை வேண்டுமென்றே சில பிழைகளோடு அனுப்புங்கள்: ஒரு தாளில் 1,200 சதுர அடி, இன்னொரு தாளில் 130 சதுர மீட்டர் (1,200 சதுர அடி என்பது ஏறத்தாழ 111.5 சதுர மீட்டர்தான்), புகைப்படங்களில் ஒன்றில் உரிமையாளரின் குடும்பப் படம் சுவரில் தெரிகிறது, ஒரே நேரத்தில் இரண்டு சந்திப்புகள். பிழைகளைக் கண்டு உங்களிடம் கேள்வி எழுப்புபவரே நீங்கள் தேடும் ஆள். அழகான நடையில் தவறான பரப்பளவை எழுதி அனுப்புபவரை, அவருடைய மொழித்திறன் எவ்வளவு ஈர்த்தாலும், விட்டுவிடுங்கள். தொலைபேசியில் பேசும் பணி என்றால் பத்து நிமிட ஒத்திகை அழைப்பும் தேவை.

ஒப்பந்தம் சுருக்கமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். ஊதியம், வேலை நேரம், சோதனைக் காலம், இரகசியக் காப்பு, வாடிக்கையாளர் விவரங்கள் உங்களுக்கே உரியவை என்ற நிபந்தனை ஆகியவை அதில் இடம்பெறட்டும்.

பாதுகாப்பில் சலுகை காட்டாதீர்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அனுப்பாமல், ஒவ்வொரு மென்பொருளிலும் அவருக்கென்று தனிக் கணக்கு திறந்து, தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமாகப் பதிவிறக்கும் வசதி அவருக்குத் தேவைப்படாது. தனிக் கணக்கு தர முடியாத தளங்களுக்கு, கடவுச்சொற்களைப் பூட்டி வைத்துப் பாதுகாப்பாகப் பகிர உதவும் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்தலாம். கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடு போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். முகவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, ‘வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று வாங்குபவருக்குச் செய்தி அனுப்பி முன்பணத்தைப் பறிப்பது இத்தொழிலில் பரவலான மோசடி. ஆகையால் கணக்கு எண்ணை உதவியாளர் எவருக்கும் அனுப்பக்கூடாது என்றும், மாற்றம் குறித்த எந்தச் செய்தியையும் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் நீங்களே பேசி உறுதிசெய்வீர்கள் என்றும் விதி வகுத்து, அதை வாடிக்கையாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

முதல் மாதத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் ஒப்படைத்து, வெளியே போகும் ஒவ்வொன்றையும் பாருங்கள். நாள்தோறும் முடித்தவை, தடைபட்டவை, உங்கள் முடிவுக்குக் காத்திருப்பவை என்று மூன்று வரிக் குறிப்பு அவரிடமிருந்து வரட்டும். பிழைகள் குறைந்தபின் மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தால் போதும். அப்போது அடுத்த வேலையைச் சேர்க்கலாம். ஒரே பிழை மீண்டும் மீண்டும் வந்தால், ஆளைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் எழுதிய குறிப்பைத் திறந்து பாருங்கள். அந்தப் படி அதில் விடுபட்டிருக்கலாம்.

அவர் விலகும் நாளுக்கான பட்டியலையும் தொடக்கத்திலேயே தயாரித்துவிடுங்கள். மின்னஞ்சல் அணுகலை முதலில் நிறுத்துங்கள், ஏனெனில் மற்ற கடவுச்சொற்களை மீட்டெடுக்கும் வழி அதுவே. அடுத்து வாடிக்கையாளர் மென்பொருள், விளம்பரத் தளங்கள், பகிர்ந்த கோப்புகள். கடைசியாக, விளம்பரங்களில் அவருடைய எண் எங்கேனும் தொடர்பு எண்ணாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.