பிரிந்த பிறகு கூட்டுக் கடன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிந்துவிட்டால் கடனும் பாதி பாதியாகிவிடும் என்று நம்பித்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். இருவரும் கையெழுத்திட்ட 30,000 டொலர் லைன் ஒஃப் கிரெடிட்டில் (வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) ஒவ்வொருவரும் முழு 30,000 டொலருக்கும் பொறுப்பு. "கார்க் கடன் அவருக்கு, விசா கடன் எனக்கு" என்று பிரிவு ஒப்பந்தத்தில் சாட்சி வைத்து எழுதினாலும் அது உங்கள் இருவருக்குள்தான் செல்லும். வங்கி யாரிடம் சம்பளம் இருக்கிறதோ அவரைப் பிடிக்கும். ஆனால் துணையின் பெயரில் மட்டும் உள்ள கடன், திருமணம் செய்த ஒரே காரணத்துக்காக உங்கள் தலையில் விழாது.

பிரிந்த வாரமே செய்ய வேண்டியது: கூட்டு லைன் ஒஃப் கிரெடிட்டில் இனிப் பணம் எடுக்க முடியாதபடி நிறுத்துமாறு வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் பிறகு ஒப்புக்கொள்ளமாட்டார்கள். உங்கள் கார்டில் துணைக்கு எடுத்துக்கொடுத்த கூடுதல் கார்டையும் ரத்து செய்யுங்கள். கடன் இல்லாத வேறு வங்கியில் தனிக்கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். கடன் உள்ள வங்கி உங்கள் கணக்கிலேயே கை வைக்கக்கூடும். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற நிறுவனங்கள் இரண்டிலும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்தால் மறந்துபோன கூட்டுக் கணக்குகள் வெளிவரும். பிரிந்த திகதிக்குரிய மீதிகளை அச்சிட்டு வையுங்கள். உங்கள் இருவருக்கும் இடையிலான சொத்துக் கணக்கு அந்த நாளை வைத்துத்தான் போடப்படும்.

பிரிந்து 90 நாள் ஆனதும், அடுத்த மாத முடிவுக்குள் சிஆர்ஏக்கு (கனடா வருமான வரித் திணைக்களம்) அறிவியுங்கள். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு உங்கள் தனி வருமானத்தில் மறுபடி கணக்கிடப்படும். பிந்தினால், கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

கட்டவே முடியாத நிலை என்றால் வங்குரோத்து மட்டும் வழியல்ல. வீட்டு மோட்கேஜ் தவிர்ந்த கடன் 250,000 டொலருக்குள் இருந்தால் கன்ஸ்யூமர் புரப்போசல் போடலாம்: கடனில் ஒரு பகுதியை 5 வருடத்துக்குள் கட்டி முடிப்பது. இரண்டையும் பதிய, கடன் தீர்வுக்கென உரிமம் பெற்ற இன்சொல்வன்சி ட்ரஸ்டியால் மட்டுமே முடியும். "நாங்கள் எல்லாம் பார்த்துத் தருகிறோம்" என்று முற்பணம் கேட்கும் இடைத்தரகர்களும் கடைசியில் அவரிடம்தான் அனுப்புவார்கள். முதல் தடவை வங்குரோத்து என்றால், நிர்ணயித்த வரம்புக்கு மேல் வருமானம் இல்லாவிட்டால் 9 மாதத்தில், இருந்தால் 21 மாதத்தில் வழமையாகக் கடன்களிலிருந்து விடுவிப்பு. நீங்கள் விடுபட்டதும் கூட்டுக் கடன் முழுவதும் முன்னாள் துணையின் மேல் நிற்கும். முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைச் செலவு, துணைக்கான ஜீவனாம்சம் இரண்டும் வங்குரோத்தில் அழியாது.

அழியக்கூடியது ஒன்று உண்டு, அதுதான் ஆபத்து. சொத்துக் கணக்கு முடிந்து ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டிய சமப்படுத்தும் தொகை, கொடுக்க வேண்டியவர் வங்குரோத்தானால் மற்றக் கடன்களோடு சேர்ந்து போய்விடலாம். கனடா உச்ச நீதிமன்றம் 2011இல் இதை உறுதி செய்தது. அவர் கடனில் தத்தளிக்கிறார் என்று தெரிந்தால், அந்தத் தொகைக்கு வீட்டைப் பிணையாக்குவது பற்றி உடனே சட்டத்தரணியிடம் கேளுங்கள். வெறும் உறுதிமொழிக் காகிதம் போதாது.

எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி இடறுவது ஊர்க் கணக்கு. யாழ்ப்பாணத்துக் காணி, நகை, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு எல்லாம் ட்ரஸ்டிக்குக் காட்ட வேண்டியவை. வங்கியை விட்டுவிட்டு அண்ணனின் கைமாற்றை முதலில் அடைத்தால், வங்குரோத்துக்கு முந்திய 12 மாதத்துக்குள் கொடுத்ததை ட்ரஸ்டி அண்ணனிடம் திருப்பிக் கேட்கலாம். தம்பிக்கு வீட்டை மலிவாக எழுதிக்கொடுத்திருந்தால் 5 வருடம் வரை பின்னோக்கிக் கிண்டலாம்.

ஸ்பான்சரில் வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவருக்கு, உண்மையான திருமணமாக இருந்தால், பிரிந்ததற்காக அது பறிபோகாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டது. ஸ்பான்சர் செய்தவரின் 3 வருடப் பொறுப்பு மட்டும் பிரிந்தாலும் தொடரும்: அதற்குள் மற்றவர் சமூக உதவிப் பணம் எடுத்தால் அரசாங்கம் இவரிடம் கேட்கும். வங்குரோத்தில் விடுவிப்புக் கிடைக்கும்வரை புதிதாக யாரையும் ஸ்பான்சர் செய்யவும் முடியாது.